ஆறு சிலிண்டரும் ஒரு துருத்தியும்

விருத்தாசலம் ஜங்ஷனில் மீட்டர் கேஜ் ஓடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு அந்தப் புகை மறந்திருக்காது. நின்ற வண்டி கிளம்பும்போது டீசல் இன்ஜின் முதலில் ஓர் உறுமு உறுமும். கூரை மேலிருந்து கரும்புகை குபுகுபுவென்று எழும்பும். பிளாட்பாரத்தில் வெள்ளை வேட்டியில் நிற்பவர்கள் இரண்டடி பின்வாங்குவார்கள். வண்டி நகர்ந்து கொஞ்ச நேரத்தில் புகை மெலிந்துவிடும். அதே சமயம் உறுமலுக்குள்ளிருந்து மெல்லிய விசில் ஒன்று எழுந்து, ஏறிக்கொண்டே போய், பாலக்கரைப் பக்கம் வரை கேட்கும்.

அந்த விசில்தான் டர்போ. லாரிகளின் நெற்றியில் 'டர்போ' என்று பெரிதாக எழுதத் தொடங்கியதற்குப் பல வருஷம் முன்பே நம் ஊர்க்காரர்கள் அதைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தோம். பெயர்தான் தெரியாது.

அந்த இன்ஜினுக்கு ஒய்.டி.எம்.4 என்று பெயர். அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்து வடிவமைப்பு. 1960களின் தொடக்கத்தில் கப்பலில் வந்தது. 1968 முதல் வாரணாசியில் நாமே செய்தோம். அதற்குள்ளே இருப்பது ஒரே வரிசையில் நிற்கும் ஆறு சிலிண்டர். ஒவ்வொரு சிலிண்டரின் வாயும் ஒன்பது அங்குலம், நம் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டின் அகலம். ஆறும் சேர்ந்து சுமார் 1400 குதிரைத்திறன். டர்போ இல்லாமல் அதே ஆறு சிலிண்டரிலிருந்து இவ்வளவு எடுக்க முடியாது.

பீங்கான் தொழிலில் இருந்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எண்ணெய் எரியும் சூளையில் பர்னரைத் திறந்து, ஊதுகாற்றை மட்டும் குறைத்துப் பாருங்கள். சுடர் மஞ்சளாகும், புகைபோக்கியில் கறுப்பாக வரும், உள்ளே சூடு ஏறாது. எண்ணெயில் குறையில்லை, காற்றுதான் போதவில்லை. புளோயரைக் கூட்டினால் அதே எண்ணெய் வெள்ளையாக எரியும். இன்ஜினும் ஒரு சின்னச் சூளைதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். காற்றைத்தான் இன்ஜின் தன் மூச்சில் இழுத்தாக வேண்டும். அந்த மூச்சுக்கு ஓர் எல்லை உண்டு.

கொல்லன் துருத்தி வைத்து ஊதுவதும் இதற்காகத்தான். டர்போவில் ஒரே ஒரு புத்திசாலித்தனம் கூடுதல். துருத்தியை அழுத்த ஆள் வேண்டாம், மோட்டார் வேண்டாம். வீணாகப் போகிற புகையே ஒரு சக்கரத்தைச் சுற்றும். அதே அச்சின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சின்ன டர்போக்கள் இன்று சாதாரணம். ரயில் கிளம்பும்போது கரும்புகை வந்ததன் காரணமும் இதுதான்: டீசல் உடனே கூடிவிடுகிறது, புகை போதுமான வேகத்தில் வந்து சக்கரத்தைச் சுழற்றக் கொஞ்ச நேரம் ஆகிறது. அதுவரை காற்றுப் பஞ்சம். விசில் ஏறினால் பஞ்சம் தீர்ந்தது என்று அர்த்தம்.

இந்த யோசனைக்கு 1905ஆம் ஆண்டிலேயே காப்புரிமைக்கு மனுச்செய்தவர் சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூஷி. அதை உருப்படியாக வேலை செய்யவைக்க அவருக்கு இருபது வருஷம் பிடித்தது. 1920களில் இரண்டு ஜெர்மன் பயணிகள் கப்பல்களில் அவருடைய டர்போ ஏறியபோது, 1750 குதிரைத்திறன் இன்ஜின் 2500 கொடுத்தது. நடுவில் முதல் உலகப் போர். ஆகாய விமானம் மேலே போகப் போகக் காற்று மெலிந்து இன்ஜின் மூச்சுத் திணறியது. பிரான்சில் ராட்டோ, அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த சான்ஃபோர்டு மாஸ் இருவரும் இதற்கு டர்போவைக் கையில் எடுத்தார்கள். மாஸ் 1918இல் ஒரு விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, கொலராடோவில் 14,000 அடிக்கு மேல் உள்ள பைக்ஸ் பீக் மலைக்குக் கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் கொடுத்த இன்ஜின் அங்கே 230தான் கொடுத்தது. டர்போவை இணைத்ததும் 356.

கப்பல், விமானம், ரயில், பிறகு லாரி. கார் கடைசியில்தான் வருகிறது. கார் இன்ஜின் ஒரே நிலையில் ஓடுவதில்லை. பஜாரில் ஊர்ந்து, கேட்டில் நின்று, சாலை கிடைத்தால் பறப்பது. அதற்கு டர்போவைப் பழக்குவது மற்றதெல்லாவற்றையும் விடக் கஷ்டம்.

இதையெல்லாம் நான் இப்போது கிளறிக்கொண்டிருக்கக் காரணம், எங்கள் தெருக்காரர் ஒருவரின் பேரன். பையன் ஒரு பழைய ஜோங்கா வாங்கி, வீட்டுப் பின்புறம் ஓட்டுக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறான். ராணுவம் கழித்த வண்டி. "தாத்தா, இதுக்கு வீட்டுலயே டர்போ வெக்கப் போறேன். நீங்க சூளையிலயே இருந்தவரு, சூட்டைப் பத்தி உங்ககிட்ட கேக்கணும்" என்று வந்து நின்றான். காலேஜ் முடித்த பையன், கையில் நோட்டு, நோட்டில் படம். எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்த இன்ஜினின் பூர்வீகம் அவனுக்குத் தெரியவில்லை. அதைச் சொல்லாமல் சூட்டைப் பற்றி மட்டும் பேசுவதில் பயனில்லை.

ஜோங்கா என்பது ஜபல்பூரின் பெயரை முன்னால் வைத்துச் சேர்த்த எழுத்துகளின் சுருக்கம். ஜப்பானின் நிசான் பேட்ரோல் வண்டியை உரிமம் பெற்று, 1969 முதல் முப்பது வருஷம் ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்தார்கள். முன்னால் இருப்பது 3956 சி.சி. கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், சுமார் 110 குதிரைத்திறன். அதன் பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம் 114.3 மில்லிமீட்டர். மில்லிமீட்டரில் வேலை செய்யும் ஜப்பான்காரன் எதற்கு இப்படி ஒரு பின்னக் கணக்கு வைத்தான்? அதை அங்குலமாக்கிப் பாருங்கள், சரியாக நாலரை அங்குலம். குட்டு வெளிப்பட்டுவிடும்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்தில் கிரஹாம்-பெய்ஜ் என்றொரு கார் கம்பெனி இருந்தது. வியாபாரம் நொடித்த சமயத்தில், 1936இல், தன் ஆறு சிலிண்டர் காரின் வரைபடங்களையும் அச்சு உபகரணங்களையும் நிசானுக்கு விற்றது. அதை வைத்துத்தான் நிசான் தன் முதல் பெரிய காரை 1937இல் செய்தது. போருக்குப் பிறகு அந்த இன்ஜினையே பெரிதாக்கி, வால்வுகளை மேலே ஏற்றி, திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். ஜோங்காவில் இருப்பது அந்த வம்சத்தின் கடைக்குட்டி. இன்னொரு வேடிக்கை. அதே 1936இல் கிரஹாம் கம்பெனி அமெரிக்காவில் விற்ற ஆறு சிலிண்டர் கார்களில் ஒரு வகைக்குக் காற்றை அழுத்தும் சூப்பர்சார்ஜர் பொருத்தியிருந்தார்கள். அது புகையால் ஓடுவதில்லை, இன்ஜினே சுற்றும். ஆனால் வேலை ஒன்றுதான். சாதாரண விலைக்காரில் சூப்பர்சார்ஜர் என்று விளம்பரம் செய்து விற்றார்கள். ஜப்பானுக்குப் போன காரில் அது இல்லை.

ஆக, பையன் செய்ய நினைப்பது ஒன்றும் தெய்வக்குற்றம் இல்லை. இந்த இன்ஜினின் பங்காளி ஒருவன் 1936இலேயே துருத்தியோடு ஓடியிருக்கிறான்.

நம் பக்கத்துப் பட்டறைகளின் சரித்திரமோ நேர் எதிர்த் திசையில் போனது. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்கு ரேஷன். பஸ்களின் பின்னால் இரும்பு உருளை ஒன்றைக் கட்டி, அடுப்புக்கரியைப் புகையவிட்டு, அந்த வாயுவில் இன்ஜினை ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் தன் பெயரிலேயே 'கேஸ் பிளாண்ட்' செய்து விற்றது. விடியற்காலையில் கிளீனர் எழுந்து, கை விசிறியைச் சுற்றிக் கரியைக் கனியவைத்தால்தான் முதல் டிரிப்புக்கு வண்டி கிளம்பும் என்று அப்பா சொல்வார். மேடு வந்தால் ஆண்கள் எல்லாம் இறங்கி நடக்க வேண்டும். ஏனென்றால் கரிவாயு தானே நிறைய இடத்தை அடைத்துக்கொள்ளும். சிலிண்டருக்குள் நல்ல காற்றுக்கு இடம் குறையும். வாயு சூடாக வந்தால் இன்னும் குறையும். பெட்ரோலில் கிடைத்த சக்தியில் மூன்றில் ஒரு பங்காவது போய்விடும்.

அடுத்து 1973. எண்ணெய் விலை ஏறியது. நம் ஊர் டாக்சி ஸ்டாண்டுகளில் நின்ற பிளைமவுத், டாட்ஜ் கார்களெல்லாம் ஆறு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகள். கல்யாணத்துக்குப் பத்துப் பேர், சில சமயம் பன்னிரண்டு பேர். பெட்ரோல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. அந்த அருமையான ஆறு சிலிண்டரை இறக்கி, எடைக்குப் போட்டுவிட்டு, நாலு சிலிண்டர் டீசலை ஏற்றினார்கள். முன்பு பட்டுத் துணி வழுக்குவதுபோல் ஓடிய கார் அப்புறம் மாவு மில் மாதிரி அதிர்ந்தது. ஆனால் குடும்பம் பிழைத்தது. அந்த மெக்கானிக்குகளின் திறமையை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன். கியர் பாக்ஸோடு இன்ஜினைச் சேர்க்கும் தட்டை லேத்தில் கண்ணளவாகக் கடைந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் யாரும் வேகம் கேட்கவில்லை, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்றுதான் கேட்டார்கள். ஜோங்காக்களிலும் பல இப்படி டீசலாக மாறிவிட்டன. பெட்ரோல் இன்ஜினோடு மிஞ்சியிருப்பவை குறைவு. அதனால்தான் பையனிடம் இருக்கும் வண்டியை நினைத்து எனக்குக் கவலை. அந்த பிளாக்கில் விரிசல் விட்டால் பக்கத்துக் கடையில் வேறு வாங்க முடியாது.

கார்களில் டர்போ வந்த கதையிலிருந்தே அவனுக்கு வேண்டிய பாடம் கிடைக்கிறது. 1962இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குள்ளேயே இரண்டு பிரிவுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் டர்போ கார்களை வெளியிட்டன. ஒன்று ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், எட்டு சிலிண்டர். இன்னொன்று செவ்ரோலெ கார்வேர், ஆறு சிலிண்டர்.

ஜெட்ஃபயர்காரர்கள் இன்ஜினின் அழுத்த விகிதத்தைக் குறைக்கவில்லை. பத்துக்கு மேலேயே விட்டுவிட்டார்கள். ஏற்கெனவே அழுத்திய காற்றை சிலிண்டர் மறுபடி அந்த அளவு அழுத்தினால், பிளக் பொறி விட்ட பிறகு, சுடர் போய்ச் சேரும் முன்பே மீதிப் பெட்ரோல் தானாக வெடிக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்கிறார்கள். பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பது போல. இதைத் தடுக்க, வாலைவடிநீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை ஒரு தனித் தொட்டியில் வைத்துக் காற்றோடு தெளித்தார்கள். காகிதத்தில் பார்த்தால் அருமை. ஆனால் கார் வாங்கியவர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்துவிடுவார். இரண்டே வருஷத்தில் வண்டி நின்றுபோயிற்று. விற்றது பத்தாயிரத்துக்கும் குறைவு. பிறகு கம்பெனியே பலருக்கு டர்போவைக் கழற்றிவிட்டுச் சாதாரண கார்புரேட்டர் போட்டுக் கொடுத்தது.

கார்வேர்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அழுத்த விகிதத்தைக் குறைத்தார்கள். கிராங்க் ஷாஃப்டை உறுதியான உருக்கில் செய்தார்கள். பேரிங், வால்வு எல்லாம் கனமானவை. 150 குதிரைத்திறன் வந்தது, அதோடு திருப்தி அடைந்தார்கள். அந்த டர்போ கார் 1966 வரை விற்பனையில் இருந்தது. எனக்குத் தெரிந்து டர்போவைப் பற்றிப் புரிந்துகொள்ள இந்த இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே போதும். ஒருவன் துருத்தியை முதலில் வாங்கினான், மற்றவன் சூளைச் சுவரை முதலில் கட்டினான்.

பையனின் நோட்டுக்கு வருகிறேன். புதுப்பேட்டையில் பழைய லாரி டர்போ ஒன்று வாங்கி மாட்டுவதாக எழுதியிருந்தான். காற்றின் அளவு பார்த்தால் அது ஏறக்குறையப் பொருந்தும். நாலு லிட்டர் இன்ஜின் 3000 சுற்றில் நிமிஷத்துக்கு அதிகபட்சம் 6000 லிட்டர் காற்றை இழுக்கும், லாரி இன்ஜினும் அந்தக் கணக்கை ஒட்டித்தான் வரும். ஆனால் டீசல் புகையின் சூடு வேறு, பெட்ரோல் புகையின் சூடு வேறு. முழுப் பளுவில் பெட்ரோல் இன்ஜின் புகை 900 டிகிரியைத் தொடும். டீசலுக்கென்று செய்த சக்கரமும் அதன் கூடும் அதற்குத் தயாரானவை அல்ல. 900 டிகிரி என்றால் என்ன என்று சூளைக் கண்ணாடி வழியே பார்த்த யாரையும் கேளுங்கள், செக்கச் செவேலென்று இருக்கும்.

அப்புறம் அந்த நீளம். ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்பதால் புகைக் குழாயான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு முக்கால் மீட்டர் நீள வார்ப்பிரும்பு. 600 டிகிரி சூடு ஏறினால் அது 5 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அது போல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் தலையோ தண்ணீரால் குளிர்ந்து அப்படியே இருக்கும். ஒன்று நீள, ஒன்று நீளாமல் நின்றால் நடுவில் எது மெலிந்ததோ அது பிளக்கும். சூளையில் நீளமான சாமான் வைக்கும்போது அடியில் மணல் தூவி வைப்போமே, எதற்கு? வைத்த இடத்தில் நகர வழி விடத்தான். மேனிஃபோல்டை இரண்டு மூன்று துண்டாகச் செய்து நடுவில் நழுவும் இணைப்பு வைக்கச் சொன்னேன். டர்போவின் எடையை அதன் மேல் தொங்கவிடாமல் தனித் தாங்கி கொடுக்கவும் சொன்னேன்.

உள்ளே போகும் காற்றும் சும்மா வராது. மே மாதம் நம் ஊரில் 40 டிகிரி நிழலில் நிற்கும் காற்றைப் பாதி வளிமண்டலம் கூடுதலாக அழுத்தினால், சாதாரண டர்போவில் அது 100 டிகிரிக்குப் பக்கத்தில் போய்விடும். சூடான காற்று மெலிந்த காற்று. பட்ட பாடு பாதி வீண், நாக்கிங்குக்கும் அழைப்பு. நடுவில் இன்டர்கூலர் வைத்தே ஆக வேண்டும். கார்புரேட்டர் டர்போவுக்கு முன்னால் இருந்தால் இன்டர்கூலருக்குள் பெட்ரோல் ஆவி நிறையும், அது வெடிமருந்துக் கிடங்கு. பின்னால் இருந்தால் அழுத்தக் காற்றில் கார்புரேட்டர் கசியும். ஆகவே கார்புரேட்டரையே விட்டுவிட்டுப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போவதுதான் புத்தி. இந்த விஷயத்தில் பையன் எனக்கு மேல். கம்ப்யூட்டர், சென்சார் என்று விளக்கினான். பாதி புரிந்தது. இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் நாக்கிங்குக்கு நல்லது, ஆனால் ஐம்பது வருஷத்து ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். அத்தனையும் மாற்ற வேண்டும்.

எண்ணெய் விஷயமும் உண்டு. டர்போவின் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. ஓடி வந்த சூட்டோடு சாவியைத் திருப்பி அணைத்தால் எண்ணெய் வரத்து நிற்கும், அச்சுக்குள் நிற்கிற எண்ணெய் கரியாகும். லாரி டிரைவர்கள் டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு உடனே அணைக்காமல் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். டீசலை வீணடிக்கிறான் என்று திட்ட வேண்டாம், காரணமாகத்தான் செய்கிறான்.

சட்டத்தையும் சொன்னேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரித்தவர் கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்காமல் சாலையில் இறக்கினால் இன்ஷூரன்ஸ்காரன் கை விரிப்பான். விபத்து என்று வந்தால் அந்தக் குடும்பம் தாங்காது. பையன் முகம் வாடியது. சாலைக்கு வெளியே, தனி இடத்தில் ஓட்டுவதற்குத்தான் என்றான். சரி.

இதுவரை சொன்னது இரும்பின் கதை. நம் ஊரைத் தொடும் பகுதி இனிமேல்தான்.

டர்போவின் பெரிய குறை அந்தத் தாமதம், ரயில் கிளம்பும்போது புகையாக வந்ததே, அது. சக்கரம் கனமாக இருப்பதால் வேகமெடுக்க நேரமாகிறது. சக்கரம் லேசானால் தாமதம் குறையும். உலோகத்தில் அந்தச் சூட்டைத் தாங்க நிக்கல் கலவை வேண்டும், அது இரும்பை விடக் கனம். ஜப்பான்காரர்கள் பீங்கானுக்கு வந்தார்கள். நம் கோப்பையும் கொலு பொம்மையும் கார்த்திகை அகலும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற களிமண் பீங்கான் இல்லை. சிலிக்கான் நைட்ரைடு என்ற பொடி. நாம் 1250 டிகிரியில் சூளையை நிறுத்துகிறோம் என்றால், அதற்கு 1700க்கு மேல் வேண்டும், அதுவும் நைட்ரஜன் வாயுவுக்குள். வெந்து வந்தால் நிக்கல் கலவையின் பாதி எடைகூட இருக்காது. 1985இல் நிசான் அந்தப் பீங்கான் சக்கரத்தை விற்பனைக் காரில் வைத்தது. ஃபேர்லேடி இசட் வரிசையில், இரண்டு லிட்டர் கொள்ளளவு. எத்தனை சிலிண்டர் என்று நினைக்கிறீர்கள்? வரிசையாக ஆறு.

1989இல் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். வந்தது. மறுபடி வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, இரண்டிலும் பீங்கான் சக்கரம். பந்தயங்களில் பேர் வாங்கிய கார். வாங்கியவர்கள் சும்மா இருப்பார்களா? வீட்டிலும் சின்னப் பட்டறைகளிலும் காற்றழுத்தத்தைக் கம்பெனி வைத்த அளவுக்கு மேல் கூட்டினார்கள். இன்ஜின் தாங்கியது. பீங்கான் தாங்கவில்லை. சக்கரம் சிதறியது, அல்லது உருக்கு அச்சோடு ஒட்டிய இடத்தில் கழன்று புகைக்குழாயில் போய் விழுந்தது. பந்தயத்துக்கென்று நிசான் தனியாக விற்ற வண்டியில் உலோகச் சக்கரம்தான் இருந்தது, அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பீங்கானைக் கையாண்டவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்கும். பீங்கான் கடைசி நொடி வரை அழகாக இருந்துவிட்டு ஒரேயடியாகப் போகும். கோப்பையை விரலால் தட்டி 'டிங்' என்ற சத்தத்தில் விரிசலைக் கண்டுபிடிப்போமே, லட்சம் சுற்றில் ஓடும் சக்கரத்தை யார் தட்டிப் பார்ப்பது? இன்னொன்றையும் பையனிடம் சொன்னேன். நாக்கிங் அடித்தால் ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் நுனி உடைவதுண்டு. அரிசி அளவு துண்டுதான். அது புகையோடு போய்ச் சுழலும் சக்கரத்தில் மோதினால் உலோகத்தில் பல் விழும், பீங்கானாக இருந்தால் பொடிப்பொடி. பீங்கானைப் பீங்கானே உடைக்கும்.

இப்போது கார்களில் பீங்கான் சக்கரம் வருவதில்லை. சின்ன உலோகச் சக்கரங்களையே நன்றாகச் செய்யக் கற்றுவிட்டார்கள். நம் மாநிலத்திலேயே சோளிங்கர் பக்கம் புலிவலத்தில், 1980களில் ஜெர்மானியக் கூட்டுறவோடு தொடங்கிய டர்போ தொழிற்சாலை ஒன்று இருக்கிறது. சிலிக்கான் நைட்ரைடு மட்டும் டர்போவை முழுதாக விட்டுப் போகவில்லை. விலை உயர்ந்த டர்போக்களில் அச்சைத் தாங்கும் பேரிங் குண்டுகள் அதில்தான் செய்கிறார்கள். அங்கே அதன் மேல் அழுத்தம் மட்டும்தான் வருகிறது, இழுவை இல்லை.

பையனுக்கு நான் கடைசியாகக் கொடுத்த வேலை டர்போ சம்பந்தப்பட்டது இல்லை. ஆறு சிலிண்டரிலும் அழுத்தமானியை வைத்து அளந்து எழுதச் சொன்னேன். ஐந்து சிலிண்டர் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. நாலாவது குறைவு. கொஞ்சம் எண்ணெய் ஊற்றி மறுபடி அளந்தான், ஏறவில்லை. ஆக ரிங் இல்லை, வால்வோ ஹெட் கேஸ்கெட்டோ. போன வாரம் ஹெட்டைக் கழற்றிக் கடலூரில் மட்டம் பார்க்கக் கொடுத்திருக்கிறான். இன்டர்கூலரும் குழாயும் அட்டைப் பெட்டியோடு கொட்டகை மூலையில் இருக்கின்றன. அவன் பாட்டி அதன் மேல் வடகம் காயவைத்திருக்கிறார்.